பீம், பில்லர் சைஸை எப்படி முடிவு செய்வது: ஒரு கான்கிரீட் ஃபிரேமை வைத்துச் செய்முறை

ஃபிரேம் (பீமும் பில்லரும் சேர்ந்த கூடு) டிசைன் புதிதாகக் கற்பவர்கள் பலர் ஈடேப்ஸ், ஸ்டாட் போன்ற கட்டிட டிசைன் மென்பொருளில் மாடலைப் போட்டுவிட்டு, பாஸ் ஆகிற பீமையெல்லாம் ஒவ்வொன்றாகச் சிறிதாக்கிக்கொண்டே போகிறார்கள். திரையில் கான்கிரீட் அளவு குறையும், ஆனால் செலவு குறையாது. ஒரு பீமில் மிச்சம் பிடித்தால் அந்தப் பாரம் பக்கத்துப் பில்லரின் தலையில் விழும். அது எப்படி என்று எண்களோடு பார்க்கலாம்.

சென்னையில் தரைத்தளமும் மேலே மூன்று மாடியும் உள்ள குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். பில்லர்களுக்கு இடையே ஒரு பக்கம் 5 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், மாடி உயரம் 3 மீட்டர், எம்25 கான்கிரீட் (சதுர மிமீக்கு 25 நியூட்டன் வலிமை), 500 கிரேடு கம்பி (சதுர மிமீக்கு 500 நியூட்டன்). நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893:2016-இன்படி சென்னை மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் வருவதால், கம்பி அமைப்புக்கான ஐ.எஸ். 13920-ஐயும் பின்பற்றியாக வேண்டும்.

படி 1: பில்லருக்குக் கைக்கணக்கு

நடுவில் நிற்கும் பில்லர் தாங்கும் பரப்பு 5 × 4 = 20 சதுர மீட்டர். சுவர், பீம், ஸ்லாப், ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 12 கிலோநியூட்டன் என்று எடுத்தால் நான்கு தளத்துக்கு 960, அதைப் பாதுகாப்புக்காக 1.5-ஆல் பெருக்கினால் 1440 கிலோநியூட்டன். 1 சதவீதம் கம்பி போட்ட பில்லர் ஒரு சதுர மிமீக்குச் சுமார் 13.25 நியூட்டன் தாங்கும். ஆகவே 1,09,000 சதுர மிமீ தேவை. மொமென்ட்டுக்கும் (வளைக்கும் விளைவுக்கும்) கொஞ்சம் இடம் விட்டு 300 × 450 என்று தொடங்கலாம். இது தொடக்கம்தான், கடைசிவரை நிற்காது.

படி 2: பீமுக்குக் கைக்கணக்கு

5 மீட்டர் பீமுக்கு ஆழம், நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 420 மிமீ. 9 அங்குலச் சுவரோடு ஒட்டிப்போக அகலம் 230. அதனால் பெரும்பாலும் எல்லோரும் 230 × 450 எழுதிவிடுவார்கள். இரண்டு பக்க ஸ்லாப், மேலே சுவர், சொந்த எடை சேர்ந்து மீட்டருக்கு 33 கிலோநியூட்டன், 1.5-ஆல் பெருக்கினால் 50. பில்லர் முகத்தில் மொமென்ட் தோராயமாக 50 × 25 / 10 = 125 கிலோநியூட்டன் மீட்டர்.

450 ஆழத்தில், ஒரு பக்கக் கம்பியை மட்டும் நம்பினால் தாங்கும் வரம்பு 122. மயிரிழையில் தாண்டுகிறது. கீழ்க்கம்பியும் உதவும், அதனால் பாஸ் ஆகும், ஆனால் மேலே 890 சதுர மிமீ கம்பி வேண்டும். 16 மிமீயில் 5 கம்பி ஒரே வரிசையில் 230 அகலத்துக்குள் சரியாக உட்காராது, ஆகவே 20 மிமீயில் 3 போடத் தோன்றும். 500 ஆழம் வைத்தால் 750 போதும், 16 மிமீயில் 4 கம்பி தாராளமாக உட்காரும்.

படி 3: இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

இந்தப் படியை விட்டுவிடாதீர்கள். பில்லரின் சிறிய பக்கம் 300 மிமீ இருந்தால் மட்டும் போதாது, அதில் நுழையும் பீம் கம்பியின் விட்டத்தைப் போல 20 மடங்கும் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 13920:2016. 20 மிமீ கம்பி என்றால் 400. 16 மிமீ என்றால் 320. அதாவது பீமில் 50 மிமீ மிச்சம் பிடித்தால் பில்லர்களை 400 × 400-க்குக் கீழே கொண்டுவர முடியாது. பீமுக்கு அந்த 50 மிமீயைக் கொடுத்துவிட்டால் 350 × 400 போதும். பீமுக்கு மீட்டருக்கு 11.5 லிட்டர் கான்கிரீட் கூடுதல், சென்ட்ரிங் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். நான் யோசிக்காமல் 500-ஐ எடுப்பேன். தரையிலிருந்து பீமின் அடிவரை 2.5 மீட்டர் கிடைக்கிறதே!

படி 4: இப்போது மாடல்

விரிசல் விட்ட கான்கிரீட்டின் குறைந்த விறைப்பைக் கொடுக்க மறக்காதீர்கள்: முழு விறைப்பில் பீமுக்கு 0.35 மடங்கு, பில்லருக்கு 0.7 மடங்கு. முதலில் கம்பியைப் பார்க்காமல், நிலநடுக்கத்தில் மாடி எவ்வளவு பக்கவாட்டில் நகர்கிறது என்று பாருங்கள். வரம்பு மாடி உயரத்தில் 0.004 மடங்கு, நமக்கு ஒரு மாடிக்கு 12 மிமீ. எந்தத் திசையில் தாண்டுகிறதோ அந்தத் திசைக்குப் பில்லர்களில் சிலவற்றைத் திருப்பி வையுங்கள். சைஸைக் கூட்டாமலே பல நேரம் சரியாகிவிடும்.

படி 5: மாற்று, மறுபடி ஓட்டு

பீம் ஆழம் 450-லிருந்து 500 ஆனால் விறைப்பு 37 சதவீதம் ஏறும், ஏறிய பீம் மொமென்ட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் பழைய ஃபோர்ஸை வைத்துக்கொண்டு புது சைஸை டிசைன் செய்யக் கூடாது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனாலிசிஸ் புதிதாக ஓட வேண்டும். பில்லரில் கம்பி 1-லிருந்து 2 சதவீதத்துக்குள் வந்தால் விட்டுவிடுங்கள். 0.8-இலேயே நின்றால் சைஸ் அதிகம். 3-ஐத் தாண்டினால், கம்பியோடு கம்பியைச் சேர்த்து நீட்டும் (லேப் போடும்) இடத்தில் கம்பி இரட்டிப்பாகி ஜல்லி இறங்காது, சைஸைக் கூட்டுங்கள். பீமைக் கனமாக்கிய பிறகு, ஜாயின்ட்டில் பில்லர்களின் மொமென்ட் திறன் பீம்களுடையதைவிட 1.4 மடங்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

படி 6: சைஸ்களைக் கூட்டமாக்குங்கள்

இந்தக் கட்டிடத்துக்குப் பில்லரில் இரண்டு சைஸ், பீமில் இரண்டு சைஸ் போதும். பத்து சைஸ் கொடுத்தால் சென்ட்ரிங் பலகையை ஒவ்வொரு மாடிக்கும் வெட்ட வேண்டிவரும், கம்பி கட்டுபவரும் குழம்புவார்.

கடைசியாக, மிக நெருக்கமான ஒரு ஜாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து, இரு பக்க பீம் கம்பி, பில்லர் கம்பி, ரிங் எல்லாவற்றையும் உண்மையான அளவுக்கு வரைந்து பாருங்கள். 40 மிமீ வைப்ரேட்டர் ஊசி இறங்க இடமில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.