சிவனொளிபாதமலை: முதல் முறை ஏறுகிறவர்களுக்கு

இலங்கையில் பார்க்க எத்தனையோ இடம் இருந்தாலும், ஒரே இரவில் காடு, குளிர், பக்தி, சூரிய உதயம் நான்கையும் சேர்த்துத் தருவது 2,243 மீட்டர் உயரமுள்ள இந்த மலைதான். உச்சியில் உள்ள பாதச்சுவடு சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமுடையது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மலையடிவாரத்தில் நன்கொடை கேட்பார்கள். கொடுப்பது உங்கள் விருப்பம்.

எப்போது போவது

யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமி நாள்) தொடங்கி மே மாத வெசாக் போயாவில் முடிகிறது. வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகமுள்ளது ஜனவரி முதல் மார்ச் வரை. அதிலும் செவ்வாய், புதன் போன்ற வார நாளாகப் பாருங்கள். போயா இரவிலும் நீண்ட விடுமுறையிலும் கடைசிப் படிகளில் ஆள்மேல் ஆளாக நின்று, ஒரு படிக்கு ஒரு நிமிடம் என்று நகர வேண்டியிருக்கும். பலர் உதயத்தைப் பாதி வழியிலேயே பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். கூட்டத்தோடு சேர்ந்து சரணம் பாடி ஏறுவதுதான் வேண்டும் என்றால் போயாவுக்கே போங்கள், ஆனால் இரவு 9 மணிக்கே நடக்கத் தொடங்கிவிடுங்கள்.

எந்தப் பாதை

இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பலாபத்தலை, குருவிட்ட வழிகளும் உண்டு. அவை நீளம், ஏற்றமும் அதிகம். முதல் முறைக்கு ஹட்டன் – மஸ்கெலியா – நல்லதண்ணி வழியை விட்டு வேறெதையும் யோசிக்க வேண்டாம். கொழும்பு – பதுளை ரயில் ஹட்டனில் நிற்கும். மழையில் மண்சரிந்து பாதை அடைபடுவதுண்டு. முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். யாத்திரைக் காலத்தில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேர் பஸ் ஓடும். மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டும். பணத்தை ஹட்டனிலேயே எடுத்து, சில்லறையாகவும் கொஞ்சம் மாற்றி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தால் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் கூம்பாக நிற்கும் மலையைப் பார்க்கலாம். அறை எடுத்து, மாலை 7 மணிக்கே படுத்துவிடுங்கள்.

புறப்படும் நேரம்: தவறு நடப்பது இங்கேதான்

"நேரத்தோடு போனால் நல்ல இடம் கிடைக்கும்" என்று இரவு 11 மணிக்குக் கிளம்புகிறவர்கள் 2 மணிக்கு உச்சியில் நிற்பார்கள். சுமார் 5,500 படி ஏறிய உடம்பு. பனியன் வியர்வையில் ஊறியிருக்கும். மேலே காற்று வீசும். வெப்பநிலை 10 பாகைக்குக் கீழேயும் இறங்கும். ஈரத் துணியும் காற்றும் சேர்ந்தால் கால் மணி நேரத்தில் பல் கிட்டிப்போகும். ஒதுங்குவதற்கு உள்ள இடமோ மிகச் சிறியது.

ஆகவே உதயத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை சூரியன் 6.10க்கும் 6.30க்கும் இடையில் எழும். ஏப்ரலில் 6 மணியளவில். 5.30க்கு உச்சியில் இருந்தால் போதும். சாதாரண நடைக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் என்று வைத்தால், வார நாளில் அதிகாலை 2 மணிக்குக் கிளம்புவது சரி. வேகமாக முன்னே போய்விட்டால் கடைசித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து நேரத்தைக் கழியுங்கள், உச்சியில் அல்ல.

ஏறும்போது மெல்லிய சட்டை ஒன்று போதும். பையில் உலர்ந்த பனியன், ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, தடித்த காலுறை இரண்டு சோடி. ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல்போலக் கனக்கும். கடைசிக் கடையில் பனியனை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

காலுறை எதற்கு இரண்டு சோடி? உச்சி மாடத்தில் செருப்பு, சப்பாத்து எல்லாம் கழற்ற வேண்டும். பனி ஊறிய சீமெந்துத் தரை பாதத்தை ஊசியாய்க் குத்தும். ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாட்டிக்கொண்டு நிற்கலாம்.

வழியில்

மகர தோரணம் தாண்டி ஜப்பான் சமாதானத் தூபி வரை ஏற்றம் லேசானது. இதை நம்பி வேகம் பிடிக்காதீர்கள். குளிர்ந்த சீத கங்குல ஓடையில் யாத்திரிகர்கள் கை கால் கழுவி, சிலர் குளித்தும் போவார்கள். அதன் பிறகுதான் படிகள் நிமிர்கின்றன. இந்திகட்டுபானவில் ஊசியும் நூலும் காணிக்கையாக வைப்பார்கள். வழி நெடுக வெள்ளை நூல் இழுபட்டிருக்கும், அறுக்காமல் தாண்டிப் போங்கள். கடைசிச் செங்குத்து மகாகிரிதம்ப. இங்கே ஐம்பது படிக்கு ஒருமுறை மூச்சு வாங்கி ஏறுங்கள். குடிக்க ஒரு லிட்டர் தண்ணீர் போதும், கடைகளில் பிளேன் டீயும் ரொட்டியும் கிடைக்கும். மேலே போகப் போக விலை கூடும். எல்லாம் தோளில் சுமந்து வந்தவை, பேரம் பேசாதீர்கள். குப்பையைப் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். இது உலக மரபுரிமைக் காடு.

உச்சியில் எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை முறை மணியடிப்பது வழக்கம். உங்களுக்கு ஒரே அடி. பாதச்சுவட்டு அறையில் படமெடுக்காதீர்கள்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கத்துக்கு வாருங்கள். மலையின் நிழல் பனிமூட்டத்தின் மேல் துல்லியமான முக்கோணமாக விழுந்து கிடக்கும். சூரியன் உயர உயர அது மலையடியை நோக்கிச் சுருங்கி, சிறிது நேரத்தில் மறைந்துவிடும்.

இறக்கம்

ஏற்றத்தில் மூச்சு வாங்கும், இறக்கத்தில் முழங்கால் வாங்கும். கால் நகங்களை முதல் நாளே வெட்டுங்கள், இல்லாவிட்டால் பெருவிரல் நகம் கறுத்துவிடும். சப்பாத்துக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள். படிகள் ஒரே உயரமாக இருக்காது; உடம்பைச் சற்றுச் சாய்த்து, கம்பியைப் பிடித்து, குதிக்காமல் இறங்குங்கள். தொடைவலி மறுநாளைவிட இரண்டாம் நாள்தான் உச்சம். அந்த நாளில் சிகிரியாவைத் திட்டமிடாதீர்கள், அங்கேயும் ஆயிரத்துக்கு மேல் படி.

பிற்சேர்க்கை: ஜூன், ஜூலையில் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஏறத் தடையில்லை. ஆனால் தென்மேல் பருவமழை நேரே இந்தச் சரிவில்தான் அடிக்கும், பாதை விளக்குகள் எரியாது, கடைகளும் மூடியிருக்கும். தலையில் கட்டும் டோர்ச், மாற்று பற்றரி, உணவு, தண்ணீர் எல்லாம் நீங்களே சுமக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள். அட்டை கடிக்கும், முழங்கால் வரை காலில் சவர்க்காரத்தைத் தடித்துப் பூசி, காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மழை கழுவிவிடும் என்பதால் சவர்க்காரத் துண்டு ஒன்று பையிலும் இருக்கட்டும்.