‘வரலாற்றில் இன்று’ எழுதத் தொடங்குபவர்களுக்கு: தேதி பிசகாமல் எழுதும் முறை

ஒரு தேதியைச் சொல்லி அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று நாலு வரி எழுதுவது சுலபம்போலத் தெரியும். நிகழ்வுகள் கொட்டிக் கிடக்கின்றன, எடுத்துப் போட வேண்டியதுதான். ஆனால் அந்த நிகழ்வு உண்மையிலேயே அந்தத் தேதியில்தான் நடந்ததா என்று பார்ப்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

படி 1: ஒரு தேதியை எடுத்து, கிடைப்பதையெல்லாம் குவியுங்கள்

நவம்பர் 9 என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் 1918இல் பேரரசர் இரண்டாம் வில்லியம் முடி துறந்ததாக அறிவிப்பு வந்தது. 1923இல் மியூனிக்கில் ஹிட்லரின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி முறியடிக்கப்பட்டது. 1938இல் அன்றிரவு யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் சூறையாடப்பட்டன. 1989இல் பெர்லின் சுவர் திறந்தது. ஒரே நாட்டின் வரலாறு ஒரே தேதியில் இப்படிக் குவிவது அபூர்வம். மற்ற தேதிகளில் பிறந்தநாள்களும் இறந்தநாள்களும்தான் பட்டியலை அடைத்துக்கொள்ளும், அவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

படி 2: அன்றைக்கு நடந்தது எது என்று ஒரு வினைச்சொல்லில் எழுதுங்கள்

‘டைட்டானிக் விபத்து, ஏப்ரல் 14’ என்றால் பாதிதான் சரி. கப்பல் பனிப்பாறையில் மோதியது 1912 ஏப்ரல் 14 இரவு 11.40க்கு, மூழ்கியது மறுநாள் அதிகாலை 2.20க்கு. மோதியதா, மூழ்கியதா? அதை முடிவு செய்தால் தேதி தானாக வந்துவிடும்.

பெர்லின் சுவரை ‘இடித்த நாள்’ என்று பலரும் எழுதுகிறார்கள். நவம்பர் 9 அன்று எல்லைக் கதவுகள்தான் திறந்தன. அரசு முறைப்படி இடிக்கத் தொடங்கியது 1990 ஜூனில். அமெரிக்க சுதந்திரமும் இப்படித்தான்: பிரிவதென்று வாக்களித்தது 1776 ஜூலை 2, பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றது ஜூலை 4, பெரும்பாலானோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஆகவே ‘ஜூலை 4இல் கையெழுத்தானது’ என்று எழுதாதீர்கள்.

படி 3: எந்த நாட்காட்டி என்று பாருங்கள்

பழைய நிகழ்வுகளில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். ஐரோப்பாவில் முன்பு இருந்த ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சற்று நீளமானது, அந்தப் பிசகு நூற்றாண்டுகளாகச் சேர்ந்துகொண்டே போனதால் 1582இல், இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டி வந்தது. இத்தாலி, ஸ்பெயின் போன்ற நாடுகளில் அந்த ஆண்டு அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. எல்லா நாடுகளும் உடனே மாறவில்லை. பிரிட்டன் 1752இல்தான் மாறியது, ரஷ்யா 1918இல்.

ரஷ்யாவின் ‘அக்டோபர் புரட்சி’ நவம்பர் 7இல் கொண்டாடப்பட்டது இதனால்தான்: 1917 அக்டோபர் 25 என்பது ஜூலியன் கணக்கு. ஜூலியன் தேதியைக் கிரெகோரியனுக்கு மாற்றுவதற்கு இந்தக் கூட்டலை நினைவில் வையுங்கள்: 17ஆம் நூற்றாண்டுக்கு 10 நாள், 18ஆம் நூற்றாண்டுக்கு 11, 19க்கு 12, 20க்கு 13. நூற்றாண்டு மாறும் ஆண்டுகளில் மட்டும் ஜனவரி, பிப்ரவரியைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு பிரபலமான தகவலைச் சோதிப்போம். கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்பார்கள். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இது இத்தாலியின் கிரெகோரியன் தேதி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இது இங்கிலாந்தின் ஜூலியன் தேதி. இரண்டையும் கிரெகோரியனில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. இரண்டையும் ஜூலியனில் வைத்தால் கலிலியோ இறந்தது 1641 டிசம்பர் 29. எப்படிப் பார்த்தாலும் ஒரே ஆண்டு கிடையாது! கேட்க அழகாக இருக்கும் தற்செயல்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

1582க்கு முந்தைய தேதிகளை மாற்றப் போகாதீர்கள், ஜூலியனிலேயே விட்டுவிடுவதுதான் வழக்கம்.

படி 4: எந்த ஊர்க் கடிகாரம்?

ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 1969 ஜூலை 20 இரவு 10.56. அதே நொடியில் கிரீன்விச்சில் ஜூலை 21 அதிகாலை, இந்தியாவில் காலை 8.26. பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஜப்பானில் 8. பொதுவாக நிகழ்வு நடந்த இடத்தின் நேரத்தையே எடுங்கள். நிலவுக்கு அது செல்லாது என்பதால் எந்த நேரக் கணக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

படி 5: வாக்கியமாக எழுதுங்கள்

ஆண்டு, இடம், யார், என்ன செய்தார், அவ்வளவு போதும். ‘1961: சோவியத் ஒன்றியத்தின் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரானார்’ என்பது ஏப்ரல் 12க்கு நல்ல வரி. ‘மாபெரும் சாதனை’ போன்ற ஒட்டுகள் வேண்டாம்.

படி 6: எத்தனையாவது ஆண்டு?

சாதாரணமாகக் கழித்தால் போதும். கி.மு.விலிருந்து எண்ணும்போது மட்டும் கூட்டிவிட்டு ஒன்றைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழியம் ஆண்டு இல்லை. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கி.மு. 44 மார்ச் 15; அதற்கு 2000 ஆண்டு நிறைந்தது 1956இல் அல்ல, 1957இல்.