மணலில் ஓட்டும் வண்டிக்கு ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

மூக்கையூர்ப் பக்கம் கடலுக்கு இறங்கும் ஒரு மண்பாதையில், சீமைக்கருவேல முள் என் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியாது, ஸ்டெப்னிதான் வழி. அது வண்டிக்கு அடியில் இருந்தது. வண்டியோ மணலில் நன்றாக அமுங்கிக் கிடந்தது. குப்புறப் படுத்துக் கையால் மணலைத் தோண்டினேன். இறக்கும் கம்பியைத் திருகினால் அசையவே இல்லை. உப்புக்காற்றில் ஸ்டெப்னியைத் தாங்கும் சங்கிலி துருப்பிடித்துக் கட்டியாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் காவிச் செதில்களாக உதிர்ந்தது. மீன் ஏற்ற வந்த அண்ணன் ஒருவர் சுத்தியலும் உளியும் தந்திராவிட்டால் இருட்டும்வரை அங்கேதான் இருந்திருப்பேன்.

முதல் முறை ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கி, நம் ராமநாதபுரம் கரையில் ஓட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்டெப்னியைக் கழற்றி, தனியாளாக இடுப்பு உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். ரிம்மோடு சேர்த்து 25 முதல் 30 கிலோ வரை இருக்கலாம். எந்த இடம் உங்களுக்குச் சரிப்படும் என்பதில் பாதி இங்கேயே தெரிந்துவிடும்.

(1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் நம் பஞ்சர் கடை வரை வந்திருக்கிறது.)

அடுத்து, இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபார்ச்சூனர் மாதிரி வண்டிகளில் அடியில் இருக்கும். எடை கீழே இருப்பதால் வண்டி ஆடாது, டிக்கியில் இடம் மிச்சம். தார்ச்சாலைக்கு அருமையான இடம். நம் கரையில் அதை வைத்துக்கொள்வதானால், மாதம் ஒருமுறை முழுக்க இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் சங்கிலிக்கு கிரீஸ் போடுங்கள். தண்ணீர்ப் பஞ்சமான ஊர்தான், ஆனாலும் இதற்கு இரண்டு குடம் ஒதுக்குங்கள்.

தார், ஜிம்னி, கூர்க்கா வண்டிகளில் பின்கதவில் இருக்கும். என் ஓட்டு இதற்குத்தான். வண்டி புதைந்தாலும் நின்றபடியே கழற்றலாம். கவனிக்க வேண்டியது கீல். கதவைச் சாத்திவிட்டு, டயரின் மேல் விளிம்பை இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் கீல் தேய்ந்திருக்கிறது, பட்டறைக்குப் போங்கள். கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் போட்டால் கதவு தாங்காது. அப்போது பம்பரோடு சேர்ந்து பக்கவாட்டில் திறக்கும் கேரியர் வேண்டும். உள்ளூரில் வெல்டிங் செய்தால் குழாய் முனைகளை அடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் உள்ளிருந்து துரு தின்னும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது, எனவே முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கூரை எனக்குப் பிடிக்காது. அத்தனை எடை உச்சியில் இருந்தால் சரிவான மணல்மேட்டில் வண்டி சாயப் பார்க்கும். பாம்பன் பாலத்துக் காற்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பாருங்கள், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி.

உள்ளே வைப்பதானால் தரைக் கொக்கிகளில் பட்டை போட்டு இறுக்குங்கள். கட்டாத டயர், சடன் பிரேக்கில் முன்சீட்டு வரை பாயும்.

இடம் முடிவானதும் ஒருநாள் வீட்டருகே மணலில் ஒத்திகை பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை வேண்டும், வெறும் மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். ஸ்டெப்னியில் காற்றை முழு அளவுக்கே வையுங்கள். மணலில் ஓட்டக் காற்றைக் குறைப்பது நிமிட வேலை, ஏற்றுவதற்குத்தான் பம்பு வேண்டும். சக்கரம் திருடு போகாமலிருக்கப் பூட்டு நட்டு போட்டிருந்தால் அதன் சாவியை வீல் ஸ்பேனரோடு சேர்த்தே கட்டிவையுங்கள்.