ஏலம், கிராம்பு மணக்கும் ரவா லட்டு: உதிராமல் பிடிக்கும் முறை

ரவா லட்டில் பாகு வைக்கும் வேலை இல்லை. கம்பிப் பதம் பார்த்துத் தவிக்க வேண்டாம். ஆனால் வறுக்கும்போது அவசரப்பட்டால் பிறகு எதைச் சேர்த்தாலும் சரிசெய்ய முடியாது.

தேவையானவை (ஏறக்குறைய 15 உருண்டை): பொடி ரவை 200 கிராம், சர்க்கரை 170 கிராம், நெய் 80 மில்லி, முந்திரி 12, திராட்சை 15, ஏலக்காய் 6, கிராம்பு 2, ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. பச்சைக் கற்பூரம் விருப்பமென்றால் கடுகளவு மட்டும், கூடினால் கசக்கும்.

1. அடிகனமான வாணலியில் 2 டேபிள்ஸ்பூன் நெய் விட்டு முந்திரியைப் பொன்னிறமாக வறுத்தெடுங்கள். அடுத்துத் திராட்சையைப் போட்டு, உப்பியதும் எடுத்துவிடுங்கள்.

2. அதே நெய்யில் ரவையைக் கொட்டி, சிறுதீயில் 10 முதல் 12 நிமிடம் கைவிடாமல் கிளறுங்கள். முதலில் கனமாகப் புரளும் ரவை, போகப்போக மணல்போல் லேசாகச் சரியும், மணமும் எழும். நிறம் மாறக் காத்திருக்க வேண்டாம். தீயைக் கூட்டினால் மேலே சிவந்து உள்ளே பச்சையாகவே நிற்கும். தின்னும்போது நாக்கில் மாவு ஒட்டும். பதம் வந்ததும் உடனே தட்டில் கொட்டுங்கள், வாணலிச் சூட்டிலேயே கருகிவிடும்.

3. தோல் நீக்கிய ஏலக்காய், கிராம்பு இரண்டையும் சர்க்கரையோடு சேர்த்து மிக்ஸியில் நைசாகப் பொடியுங்கள். தனியே அரைத்தால் இவ்வளவு கொஞ்சம் பிளேடில் சிக்காது.

4. ரவை நன்றாக ஆறியபின் பாதியை மட்டும் மிக்ஸியில் ஓரிரு சுற்று விடுங்கள். இந்த மாவுதான் உருண்டையைப் பிடித்து நிறுத்தும். சூட்டோடு அரைத்தால் ஆவியில் கட்டி தட்டும்.

5. எல்லாவற்றையும் கலந்து, மீதி நெய்யைச் சூடாக்கி முக்கால் பங்கு ஊற்றிக் கரண்டியால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் அழுத்திப் பிடியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் நிற்க வேண்டும். உதிர்ந்தால் மீதி நெய்யைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பிடித்ததும் மெத்தென்றுதான் இருக்கும். நெய் உறைந்ததும் இறுகிவிடும்.

பாதியில் கலவை ஆறிப்போனால் வெறும் வாணலியில் அரை நிமிடம் லேசாகச் சூடு காட்டுங்கள். அதற்கு மேல் வைத்தால் சர்க்கரை இளகி, ஆறும்போது கல்லாகிவிடும். நெய் மிஞ்சி உருண்டை தட்டையாகச் சரிந்தால் வறுத்த ரவை இரண்டு ஸ்பூன் சேர்த்து மறுபடி பிடிக்கலாம்.

சூடான பால் தெளித்தும் பிடிப்பார்கள். சுலபம்தான், லட்டும் மிருதுவாக வரும். ஆனால் இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். நெய்யிலேயே பிடித்தது ஈரம் படாத டப்பாவில் இரண்டு வாரம் தாங்கும். முழுதும் ஆறும் முன் மட்டும் மூடாதீர்கள்.