பழைய படத்துக்கு முன்பக்க டிக்கெட்டே நல்லது

குன்னூர், கோத்தகிரிப் பக்கமிருந்து பழைய படத்தின் மறுவெளியீடு பார்க்க மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்குகிறவர்கள், விலை கூடிய பின்வரிசையை விட்டுவிட்டு முன்பக்கம் நாலைந்தாவது வரிசையில் நட்டநடு இருக்கையாகப் பார்த்து எடுங்கள்.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ வந்ததே 1973-இல்தான். அதற்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய 4:3 அளவில் (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) எடுக்கப்பட்டவை. இன்றைய ஸ்கோப் திரையில் அவை அகலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. கடைசி வரிசையில் உட்கார்ந்தால் வீட்டு டிவி மாதிரிதான் தெரியும். அதற்கா இத்தனை கொண்டை ஊசி வளைவு இறங்குவது?

சில படங்களை மேலும் கீழும் வெட்டி ஸ்கோப்பாக மாற்றி வெளியிடுகிறார்கள். மறுவெளியீட்டு டிரெய்லரே அகலமாக இருந்தால், வழக்கம்போலப் பின்னால் எடுங்கள். எல்லா வரிசைக்கும் ஒரே விலை வைக்கும் தியேட்டரில் முன்பக்கம் எடுத்தாலும் காசு மிச்சமாகாது, படம் மட்டும் பெரிதாகத் தெரியும். அப்புறம், மலைப்பாதையில் தலைசுற்றல் வருகிறவர்களுக்கு இறங்கிய கையோடு முன்வரிசை ஒத்துவராது.