காட்பாடி பஸ்ஸும் 5 ரூபாய் காசும்: நிலைமத்தைச் செய்து பார்ப்போம்

காட்பாடியில் ஏறி, பாகாயம் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றிருக்கிறீர்களா? டிரைவர் வண்டியை எடுத்ததும் உடம்பு பின்னால் சாயும். யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கும். யாரும் தள்ளவில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: டம்ளர், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, 5 ரூபாய் காசு, கோலிகுண்டு, நோட்டு.

படி 1: டம்ளர் மேல் அட்டை, அதன் நடுவில் காசு. அட்டையின் ஓரத்தைப் பக்கவாட்டில் வேகமாகச் சுண்டுங்கள். அட்டை பறக்கும், காசு டம்ளருக்குள் விழும். சரி, இப்போது மெதுவாக இழுங்கள். காசும் கூடவே வரும்!

விஷயம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு தடவையும் உராய்வு இருந்தது. சுண்டும்போது காசை இழுத்துப்போக அதற்கு நேரம் போதவில்லை. காசு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது, அப்புறம் புவியீர்ப்பு கீழே இழுத்தது. இருக்கிற நிலையை விடாத இந்தக் குணம்தான் நிலைமம். அது விசை அல்ல. பரீட்சையில் 'நிலைமம் தள்ளியது' என்று எழுதி மார்க்கை விட்டவன் நான். பஸ்ஸிலும் இதே கதை: தளம் காலை முன்னால் இழுக்கிறது, மேலுடம்பு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது.

படி 2: நோட்டின் மேல் கோலி. உருண்டு விழாமல் அதன் பின்னால் ஒரு பேனாவை அண்டக்கொடுங்கள். நோட்டைத் தள்ளிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்தினால் கோலி முன்னால் ஓடும். ஓடுவதும் ஒரு நிலைதான். கடைசியில் அதை நிறுத்துவது முக்கியமாக உராய்வு. கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி இந்த முடிவை நெருங்கினார். நியூட்டன் 1687இல் இயக்கத்தின் முதல் விதியாகவே எழுதிவைத்தார்.

படி 3: காலித் தள்ளுவண்டியைத் தள்ளுங்கள். பிறகு இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் மூட்டைகளோடு அதே பலத்தில் தள்ளுங்கள். வேகம் எடுக்க நேரமாகும்: நிறை கூடினால் நிலைமமும் கூடும். விசை என்பது நிறையும் முடுக்கமும் (நொடிக்கு எவ்வளவு வேகம் மாறுகிறது என்பது) பெருக்கியது. உராய்வை விட்டுவிட்டால், 20 கிலோ வண்டியை 10 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) விசை தள்ளும்போது நொடிக்கு நொடி 0.5 மீட்டர்/நொடி வேகம் கூடும்.

படி 4: சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சுவரைத் தள்ளுங்கள். நீங்கள்தான் பின்னால் போவீர்கள். வேலூர்க் கோட்டை மதிலைத் தள்ளினாலும் அப்படித்தான். மதிலும் அதே அளவு உங்களைத் தள்ளும். 'இரண்டும் சமம் என்றால் அடிபட்டுப் போகாதா?' என்று கேட்பீர்கள். போகாது. ஒரு விசை மதில் மேல், இன்னொன்று உங்கள் மேல்.