மூலம் சரி, விடை தவறு: இயக்கக் கணக்குகளில் சறுக்கும் இடங்கள்

இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பதில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அவ்வளவாகத் தவறுவதில்லை. காரணிப்படுத்தியோ சூத்திரத்தில் போட்டோ மூலங்களை, அதாவது சமன்பாட்டை நிறைவு செய்யும் மதிப்புகளை, கொண்டுவந்துவிடுகிறார்கள். பஸ், படகு, பந்து என்று கணக்கு ஓடத் தொடங்கியதும் மதிப்பெண் கரைவது வேறு இரண்டு இடங்களில்: சமன்பாட்டை அமைக்கும்போதும், கிடைத்த மூலத்துக்குப் பொருள் சொல்லும்போதும். பின்னதில்தான் சேதம் அதிகம். "குறை எண் வந்தால் அடித்துவிடு" என்ற ஒரே விதியைக் கையில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்.

முதலில் பஸ். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 24 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விரைவுப் பேருந்து சாதாரணப் பேருந்தைவிட மணிக்கு 8 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடி, 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்கிறது. சாதாரணப் பேருந்தின் வேகம் ‘வ’ என்றால்,

24/வ − 24/(வ + 8) = 1/4

சுருக்கினால் வ² + 8வ − 768 = 0. மூலங்கள் 24, −32. நிமிடத்தை மணியாக மாற்ற மறந்து, வலப்பக்கத்தில் 15 என்றே எழுதியவருக்கு மணிக்கு ஏறத்தாழ 1.4 கி.மீ. கிடைக்கும். அந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதற்கு மஞ்சக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் அதைக் கட்டம் போட்டு விடையாக எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் உண்டு.

−32 விடை ஆகாது, சரிதான். ஆனால் அடிக்கும் முன் ஒரு பார்வை பாருங்கள். குறைக் குறியை நீக்கினால் அது விரைவுப் பேருந்தின் வேகம். ஒரே தூரம், வேக வேறுபாடு, நேர வேறுபாடு என்று வரும் கணக்குகளில் எல்லாம் இது இப்படித்தான் அமையும். அமையவில்லை என்றால் சுருக்கியதில் எங்கோ பிழை. இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சரிபார்ப்பை வீணாக்குவானேன்?

படகுக் கணக்கு இதைவிடச் சுவையானது. கடலூர் முதுநகரில் உப்பனாற்றில் ஒரு படகு உள்நோக்கி 8 கி.மீ. போய், உடனே திரும்பி வருகிறது. அசையா நீரில் அதன் வேகம் மணிக்கு 12 கி.மீ.; மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நீரோட்டத்தின் வேகம் என்ன? போகும்போது இழப்பதை வரும்போது ஈடுகட்டிவிடும், எனவே 16 கி.மீ.யை 12 ஆல் வகுத்தால் போதும் என்று நினைப்பது பலருக்கும் வரும் சறுக்கல். அப்படிப் பார்த்தால் 1 மணி 20 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். எதிர்நீரோட்டத்தில் படகு மெதுவாகப் போவது மட்டுமல்ல, அந்த மெதுவான வேகத்தில் அதிக நேரமும் கிடக்கிறது. அதனால் இழப்பு ஈடாவதே இல்லை. முறைப்படி எழுதினால்,

8/(12 − வ) + 8/(12 + வ) = 3/2

இதிலிருந்து வ² = 16; வ = 4 அல்லது −4. போக ஒரு மணி, வர அரை மணி.

−4-ஐ என்ன செய்வது? நீரோட்டம் எதிர்த்திசையில் என்பதே அதன் பொருள். உப்பனாற்றில் அது கற்பனையும் அல்ல. நாளுக்கு இரண்டு முறை கடல் நீர் முகத்துவாரம் வழியே உள்ளே ஏறுகிறது. அந்த நேரத்தில் கிளம்பிய படகு அரை மணியில் போய், ஒரு மணியில் திரும்பும். மொத்த நேரம் மாறாததால் இரண்டில் எது நடந்தது என்று சமன்பாட்டால் சொல்ல முடியாது. கேள்வியில் திசை சொல்லப்பட்டிருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

மேலே எறிந்த பந்துக்கு வருவோம். 15 மீட்டர் உயர மொட்டைமாடியிலிருந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் ‘ந’ வினாடியில் உயரம் 15 + 10ந − 5ந². தரையைத் தொடுவது 3ஆம் வினாடியில். அந்தக் கழித்தல் குறியைக் கூட்டலாக எழுதிவிட்டால் தன்மைகாட்டி (சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் வரும் பகுதி) குறை எண்ணாகிவிடும். பந்து கீழே வரவே வராது! மெய்யான மூலம் இல்லை என்று எழுதி முடிக்காமல், குறிகளைத் திரும்பப் பாருங்கள். 18.75 மீட்டர் உயரத்தில் பந்து எப்போது இருக்கும் என்று கேட்டால் 0.5, 1.5 என இரண்டு விடைகள் வரும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று; இரண்டையும் எழுத வேண்டும்.

ஆனால் மிகை எண் என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் கார் பிரேக் பிடிக்கிறது. வினாடிக்கு வினாடி 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. 42 மீட்டர் தள்ளியுள்ள வேகத்தடையை எப்போது எட்டும்? 20ந − 2ந² = 42; மூலங்கள் 3, 7. இரண்டுமே மிகை எண்கள். ஆனால் கார் 5ஆம் வினாடியில் நின்றுவிடுகிறது. 7 என்பது, நின்ற கார் தானாகவே பின்னோக்கி ஓடி வந்தால் கிடைக்கும் நேரம். சமன்பாட்டுக்கு பிரேக் தெரியாது, மாறாத முடுக்கம்தான் தெரியும். எனவே இத்தகைய கணக்கில் நிற்கும் நேரத்தை முதலில் கண்டுபிடித்து, அதற்குப் பிந்தைய மூலத்தை விலக்க வேண்டும்.

அந்தக் கார் நிற்க 50 மீட்டர் தேவை. மணிக்கு 36 கி.மீ.யில் வந்திருந்தால் 25 மீட்டர் என்று பலர் மனக்கணக்குப் போடுவார்கள், உண்மையில் 12.5 மீட்டரே போதும்.